அட்டை கிழிந்த ஸ்பைடரும் ஒரு சுரங்கமும்

மரப்பாலத்துக்கு அருகே மண் சரிந்து சாலை மூடிக்கொண்ட ஒரு நவம்பர் மாலையில், பர்லியாரைத் தாண்டி நின்றுபோன பஸ்ஸுக்குள் உட்கார்ந்துதான் அந்தப் புத்தகத்தைப் படித்தேன். மேட்டுப்பாளையத்தில் எனக்கு வேலை. சனிக்கிழமை மாலை மலையேறி அப்பாவுடன் ஒரு நாள் இருந்துவிட்டுத் திங்கள் விடியலில் இறங்குவது வழக்கம். பொக்லைன் வந்து மண்ணை அள்ள இரண்டு மணி நேரமாவது ஆகும் என்று கண்டக்டர் சொன்னதும் பாதிப் பேர் டீக்கடையைத் தேடி இறங்கி நடந்தார்கள். நான் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, அண்ணன் மகன் கொடுத்தனுப்பியிருந்த தொகுதியைப் பையிலிருந்து எடுத்தேன். கோவையில் கல்லூரியில் படிக்கிறான். எங்கள் குடும்பத்தில் எனக்குப் பிறகு காமிக்ஸ் பித்துப் பிடித்தவன் அவன் ஒருவன்தான். "அத்தை, உங்களுக்கு சூப்பர்மேனைப் பிடிக்காது என்று தெரியும். இதை மட்டும் படித்துவிடுங்கள்" என்று முதல் பக்கத்தில் ஒரு சீட்டை ஒட்டியிருந்தான்.

ஜேசன் ஆரன் எழுதி ரஃபா சாண்டோவல் வரைந்த 'அப்சல்யூட் சூப்பர்மேன்' அது. 2024 நவம்பரில் வெளிவரத் தொடங்கிய தொடர். பழைய கதையைக் கலைத்துப் போட்டு மறுபடி அடுக்கியிருக்கிறார்கள். சூப்பர்மேன் பிறந்த கோளான கிரிப்டானில், இந்தக் கதையில், அவனுடைய பெற்றோர் மேல்தட்டு விஞ்ஞானிகள் அல்ல, உழைக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். மார்பில் இருக்கும் அந்த எழுத்து அந்தக் கூட்டத்தின் அடையாளம். பூமிக்கு வந்த பிறகு அவனை நாம் முதலில் பார்ப்பது மாநகரத்துப் பத்திரிகை அலுவலகத்தில் அல்ல, பிரேசிலில் ஒரு சுரங்கத்தில். லாசரஸ் என்ற பெருநிறுவனம் மனிதர்களைப் பிழிந்தெடுக்கும் இடம் அது. அவனுடைய மேலங்கி துணியால் ஆனதல்ல, செந்நிறத் தூசிபோலப் பறந்து சேர்ந்து உருக்கொள்கிறது. சாண்டோவல் அதை வரைந்திருக்கும் விதத்தில் கண் நிலைகுத்தி நின்றது. ஆனால் படித்து முடித்து மூடியபோது ஏதோ ஒன்று மனத்தில் ஒட்டாமல் நின்றது. பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பிடித்த ஒன்றில் எது குறைகிறது என்று விளங்காமல் தவிப்பது வேறு. மண்ணை அள்ளி வழி விட்டு, பஸ் குன்னூர் போய்ச் சேரும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றிரவு அண்ணன் மகனிடம் தொலைபேசியில் பேசும்போது அவன் சாதாரணமாக ஒரு வார்த்தை சொன்னான்: "சூப்பர்மேன் சுரங்கத்துக்குப் போவது புதிதில்லை அத்தை. 1938-லேயே போயிருக்கிறான். எழுதியவர் உங்கள் ஸ்பைடரை எழுதியவர்தான்."

எனக்குத் தூக்கம் போய்விட்டது. முப்பது வருடங்களுக்கு மேலாக சூப்பர்மேன் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்பவள் நான். ஸ்பைடர் என்றால் உயிர். இரண்டும் ஒரே கையா?

எனக்கு ஏன் அந்தக் கெட்டவனைப் பிடித்தது

தமிழில் வந்த லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு ஸ்பைடரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கூரிய காதுகள், நெற்றியில் கத்தி முனைபோல இறங்கும் முடி, உடலை ஒட்டிய கறுப்பு உடை, வலைத் துப்பாக்கி, ஹெலிகார். கூடவே எந்தப் பெட்டகத்தையும் திறக்கும் ஆர்டினியும் பேராசிரியர் பெல்ஹாமும். அமெரிக்காவின் சிலந்தி மனிதனோடு இவனைக் குழப்பிக்கொள்பவர்களிடம் பள்ளி நாட்களில் சண்டையே போட்டிருக்கிறேன்.

என்னிடமிருந்த ஸ்பைடர் புத்தகத்துக்கு அட்டை கிடையாது. முதல் நான்கு பக்கங்களும் கிடையாது. குன்னூர் மார்க்கெட்டில் பழைய பேப்பர் கடையிலிருந்து அண்ணன் எடைக்கு வாங்கி வந்த கட்டில் இருந்தது. தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டில் மழைக்காலம் முழுவதும் சுவர் வியர்த்துக்கொண்டே இருக்கும். தாள் ஈரம் குடித்து அப்பளம்போல ஊதிவிடும், ஓரங்களில் சாம்பல் பூத்ததுபோலப் பூஞ்சை படரும். அம்மா விறகடுப்புக்கு மேலே கட்டியிருந்த கம்பியில் கருவாட்டுக்குப் பக்கத்தில் என் புத்தகங்களையும் தொங்கப் போடுவாள். இன்றும் அந்தப் பிரதியைப் பிரித்தால் புகை வாசம் அடிக்கிறது. தலைப்பு தெரியாத, எழுதியவர் பெயர் தெரியாத அந்தக் கதையை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை.

அதில் ஸ்பைடர் ஏற்கெனவே திருந்திவிட்டிருந்தான். குற்றச் சாம்ராஜ்யத்தின் சக்கரவர்த்தியாகக் கிளம்பியவன், அப்போது வேறு பெரிய கொடியவர்களோடு மோதிக்கொண்டிருந்தான். ஆனால் திருந்தியவனுக்குரிய பணிவு துளியும் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் தன் பெருமையைத் தானே முழங்குவான். பெல்ஹாமையும் ஆர்டினியையும் எடுத்தெறிந்து பேசுவான். தன் மூளைக்கு ஈடு உண்டா என்று ஊரையே கேட்பான். நல்லது செய்தாலும் பாராட்டை விட்டுக்கொடுக்க மாட்டான். பத்து வயதில் அது எனக்கு எப்படி இருந்தது என்பதை இன்றும் உடம்பில் உணர முடிகிறது. எங்கள் லைனில் எல்லோரும் குனிந்து பேசுவார்கள். கொழுந்து எடை போடும் இடத்தில் அம்மா, ஃபேக்டரி வாசலில் அப்பா, சம்பள நாளில் பாட்டி என எல்லோருடைய முதுகும் ஒரே கோணத்தில் வளையும். பாட்டியும் தாத்தாவும் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையின் தேயிலைத் தோட்டத்திலிருந்து தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள். அங்கே குனிந்த முதுகோடு இங்கே வந்தவர்கள். எங்களில் ஒருவரும் வாய் திறந்து "நான்" என்று சொல்லிக் கேட்டதில்லை. ஸ்பைடர் வேறு எதையுமே சொல்ல மாட்டான்.

சூப்பர்மேனைப் பிடிக்காமல் போனதற்கும் அதுவே காரணம். எல்லாம் இருப்பவன், எதற்கும் ஏங்காதவன். அவனுக்கு என்ன கோபம் இருக்க முடியும்? சில வருடங்களுக்கு முன்பு அண்ணன் மகன் கொடுத்து, கிராண்ட் மாரிசனும் ஃபிராங்க் குவைட்லியும் செய்த 'ஆல் ஸ்டார் சூப்பர்மேன்' படித்தேன். முதல் பக்கத்தில் நான்கே கட்டங்கள், மொத்தம் எட்டே சொற்கள். அதற்குள் அவன் பிறந்த கோள் அழிவதிலிருந்து அவனை ஒரு தம்பதி கண்டெடுப்பதுவரை முடிந்துவிடுகிறது. அதே தொடரில், மாடி விளிம்பில் நின்று குதிக்கப் போகும் ஒரு பெண்ணின் பின்னால் வந்து அவன் நிற்கும் பக்கத்தில் அழுதிருக்கிறேன். அழுதேன், மதித்தேன். ஆனாலும் அவன் என்னுடையவன் ஆகவில்லை.

என்னுடையவர்கள் இரண்டே பேர். ஒருவன் ஸ்பைடர். மற்றவர் இரும்புக்கை மாயாவி. 1972-இல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழிலேயே கொண்டு வந்த லூயிஸ் கிராண்டேலைப் பற்றி எங்கள் தலைமுறைக்கு முந்தையவர்கள் ஆயிரம் பேசியிருக்கிறார்கள். நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவர், மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை மட்டும் தெரிய, மறைந்துபோகிறவர். என் அப்பாவின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இரண்டாவது கணுவோடு நின்றுவிட்டன. ஃபேக்டரி இயந்திரம் எடுத்துக்கொண்டது. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரத்தில், கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே, இரும்பில் விரல் செய்து வைப்பார்களா என்று கேட்டேன். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பாரமாக இருக்காதா பாப்பா?" என்றார்.

நூற்று முப்பது டாலர்

அண்ணன் மகன் சொன்னதைச் சரிபார்க்கத் தொடங்கி, பல வாரம் வேறு எதுவும் படிக்கவில்லை. சூப்பர்மேனைத் தோற்றுவித்தவர்கள் இருவர், எழுதிய ஜெர்ரி சிகலும் வரைந்த ஜோ ஷஸ்டரும். 1914-இல் பிறந்தவர்கள், கிளீவ்லாண்டில் பள்ளித் தோழர்கள். இருவரும் ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். சிகலின் அப்பா பழைய துணிக்கடை வைத்திருந்தார். 1932-இல் அந்தக் கடைக்குள் திருடர்கள் நுழைந்தபோது நெஞ்சடைத்து இறந்துபோனார். மகனுக்கு வயது 17. குண்டு பட்டாலும் விழாத ஒரு மனிதனை அந்த மகன் எங்கிருந்து எடுத்திருப்பான் என்று பலர் ஊகித்து எழுதியிருக்கிறார்கள். அதில் நான் புதிதாகச் சேர்க்க ஒன்றுமில்லை. அந்த வயதில் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை என்ன கனவு காணும் என்பது யாருக்கும் புரியும்.

1938 மார்ச்சில், பதிமூன்று பக்கக் கதையோடு சூப்பர்மேன் மீதான எல்லா உரிமைகளையும் பதிப்பு நிறுவனத்துக்கு 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். பக்கத்துக்குப் பத்து டாலர். நியாயமாகச் சொல்வதென்றால், அதன் பிறகு பத்தாண்டுகள் அவர்களுக்கு வேலை இருந்தது, வருமானமும் இருந்தது. ஆனால் அவர்கள் பெற்ற பிள்ளை கொண்டுவந்து கொட்டிய செல்வத்துக்கு முன்னால் அது கைப்பிடி அரிசி. 1947-இல் வழக்குத் தொடுத்தார்கள். நிறுவனம் ஒரு தொகை கொடுத்துக் கணக்கை முடித்தது. அதோடு கதைகளிலிருந்து அவர்கள் பெயரும் எடுக்கப்பட்டது. 1959-இல் சிகல் அதே நிறுவனத்துக்குத் திரும்பிப் போய், தான் தோற்றுவித்த சூப்பர்மேனுக்கே பெயரில்லாமல் கதை எழுதினார். சில வருடங்களில் மீண்டும் உரிமை கேட்டபோது அந்தக் கதவும் மூடியது. அந்த நாட்களில்தான் அவர் எழுத்து கடல் கடந்து பிரிட்டனுக்குப் போனது. அங்கே 'லயன்' என்ற வார இதழில் 1965-இல் டெட் கோவன் ஒரு குற்றச் சக்கரவர்த்தியைத் தோற்றுவித்திருந்தார், ரெக் பன் வரைந்துகொண்டிருந்தார். கோவன் எழுதியது முதல் இரண்டு கதைகள். பிறகு எழுதியவர் சிகல்.

திருந்திய ஸ்பைடர் சிகலுடையவன். ஆகவே என் அட்டையில்லாப் பிரதியும் அவருடையதுதான்.

இந்த இடத்தில் நான் நெடுநேரம் நின்றேன். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வார இதழ்களில் எழுதியவர், வரைந்தவர் பெயர்களைப் போடும் வழக்கம் இல்லை. அதாவது, தன் நாட்டில் பெயர் பறிபோன ஒருவர், பெயரே போடாத இன்னொரு நாட்டு இதழுக்குப் போய், பக்கத்துக்குப் பக்கம் தன் பெயரையே முழங்கும் ஒருவனை எழுதியிருக்கிறார். ஸ்பைடரின் அந்தத் தற்பெருமையை நான் இத்தனை நாளும் வேடிக்கையான குணம் என்று நினைத்திருந்தேன். இப்போது அந்தப் பிரதியை எடுத்துப் படித்தால் காது வேறு எதையோ கேட்கிறது. சிகல் இதை நினைத்துத்தான் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. வாரா வாரம் பக்கம் நிரப்ப வேண்டிய ஒரு தொழிலாளியின் கையில் கதை தானாகவும் ஓடியிருக்கலாம். ஆனால் நீலகிரியில் ஒரு லைன் வீட்டில், அடுப்புப் புகையில் உலர்ந்த தாளில், "நான்" என்று சொல்லத் தெரியாதவர்கள் நடுவே வளர்ந்த ஒரு பெண்ணுக்கு அந்தக் குரல் வந்து சேர்ந்தது. மொழி மாறி, நாடு மாறி, சிவகாசியில் அச்சாகி வந்தும் அந்தக் குரலின் சூடு ஆறவில்லை.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். 1975-இல் சூப்பர்மேனைப் பெரும் செலவில் திரைப்படமாக்கப் போகும் செய்தி வந்தபோது சிகலுக்கு வயது 61. லாஸ் ஏஞ்சல்ஸில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு எழுத்தராக இருந்தார். ஷஸ்டருக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டிருந்தது. அந்தப் படத்தைச் சபித்து சிகல் பத்திரிகைகளுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் போன்ற ஓவியர்கள் அவர்களுக்காகத் தெருவில் இறங்கியதுபோலப் பேசினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள், இருவருக்கும் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் கொடுக்கவும், தோற்றுவித்தவர்கள் என்று பெயர் போடவும் நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஷஸ்டர் 1992-இல் போனார், சிகல் 1996-இல். அப்போது நான் பள்ளியில் ஸ்பைடருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். எழுதியவர் உயிரோடு இருக்கிறார், கிழவர், ஒரு கடிதம் போட்டால் படிக்கக்கூடியவர் என்று யாராவது அன்று சொல்லியிருந்தால், தமிழிலேயே எழுதிப் போட்டிருப்பேன்.

ப்ளேக்லியின் சுரங்கம்

பிறகுதான் 1938-இன் சுரங்கக் கதைக்கு வந்தேன். 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' மூன்றாவது இதழ், ஆகஸ்ட் மாதத் தேதியிட்டது. சூப்பர்மேன் பிறந்து மூன்றாவது மாதம். அப்போது அவனுக்குப் பறக்கவே தெரியாது, தாவத்தான் தெரியும். உலகத்தைக் காப்பாற்றும் வேலை எதுவும் அவனுக்கு அப்போது வரவில்லை. மனைவியை அடிக்கிற கணவனைப் பிடிப்பான், செய்யாத கொலைக்காக மின்சார நாற்காலிக்குப் போகவிருந்த பெண்ணைக் காப்பாற்ற இரவோடிரவாக ஓடுவான். சில மாதங்கள் கழித்து வந்த ஒரு கதையில், அரசாங்கம் புதிய வீடு கட்டிக் கொடுக்கட்டும் என்பதற்காக ஒரு சேரியையே இடித்துத் தள்ளுவான். இப்படி ஒரு சூப்பர்மேன் இருந்தான் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

சுரங்கக் கதை சிறியது. ப்ளேக்லி என்பவனின் சுரங்கத்தில் மண் சரிந்து ஒரு தொழிலாளி உள்ளே சிக்கிக்கொள்கிறான். சூப்பர்மேன் தன் வண்ண உடையில்கூட இல்லை, சுரங்கத் தொழிலாளியின் அழுக்கு உடையில் உள்ளே போய் அவனை மீட்டு வருகிறான். அந்தத் தொழிலாளி, கோபர் என்று பெயர், புலம்பெயர்ந்து வந்தவன், இனி வாழ்நாள் முழுவதும் முடவன். பிறகு சூப்பர்மேன், சாதாரண மனிதனாக வாழும்போது தனக்கிருக்கும் கிளார்க் கென்ட் என்ற பெயரில், நிருபராகப் போய் அவனிடம் பேசுகிறான். சுரங்கம் ஆபத்தான நிலையில் இருப்பது மாதக்கணக்காகத் தங்களுக்குத் தெரியும் என்கிறான் கோபர். மேலாளிடம் சொன்னபோது கிடைத்த பதிலையும் சொல்கிறான்: வேலை பிடிக்கவில்லையா, போய்விடு.

அந்தக் கட்டத்தில் என் கை நின்றுவிட்டது.

அப்பாவின் விபத்துக்கு முந்தைய மூன்று வாரங்கள் எங்கள் வீட்டில் அடிக்கடி காதில் விழுந்த பேச்சு அது. ஃபேக்டரியில் வாட்டிய கொழுந்து சி.டி.சி. இயந்திரத்துக்குப் போகும். பற்கள் வெட்டிய இரண்டு ரோலர்கள், ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் எதிரெதிராகச் சுற்றி இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டித் தள்ளும். இலை போய் விழும் வாயில் கை படாமல் இருக்க ஒரு தகடு இருக்க வேண்டும். அது உடைந்து கழன்றுவிட்டது. இலை அடைத்துக்கொள்ளும்போதெல்லாம் கையால்தான் தள்ள வேண்டியிருந்தது. அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் போய்ச் சொன்னார்கள். "இஷ்டம் இருந்தால் வேலை செய், இல்லாவிட்டால் மலையிறங்கு" என்று பதில் வந்தது. கடல் கடந்து வந்து இந்த மலையில் ஒண்டிய குடும்பத்துக்கு, மலையிறங்கினால் போக ஓர் ஊர் கிடையாது. விபத்துக்குப் பிறகு பதிவேட்டில் "கவனக்குறைவு" என்று எழுதினார்கள். ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு பகுதியைக் கொடுத்தார்கள்.

அடுத்த பக்கத்தில் ப்ளேக்லி பேசுகிறான். கோபரின் கவனக்குறைவே காரணம் என்கிறான். பெரிய மனது பண்ணி, ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு பகுதியைக் கொடுப்பதாகச் சொல்கிறான். சுரங்கத்தில் ஆபத்து இருந்தால்தான் என்ன, தான் வியாபாரி, தருமம் செய்கிறவன் அல்ல என்கிறான்.

1938-இல், கிளீவ்லாண்டில், 23 வயதுப் பையன் ஒருவன் எழுதிய வரிகள் இவை. எங்கள் ஃபேக்டரி வாசலில் நின்று கேட்டு எழுதியதுபோல இருந்தன. அப்போதுதான் பஸ்ஸில் எனக்கு ஒட்டாமல் நின்றது எது என்று பிடிபட்டது. 2024-இன் சுரங்கத்தில் லாசரஸ் நிறுவனத்துக்குப் படை இருக்கிறது, கவசம் அணிந்த வீரர்கள் இருக்கிறார்கள், வானத்திலிருந்து வரும் ஆயுதங்கள் இருக்கின்றன. கொடுமை அங்கே பிரமாண்டமாக வருகிறது. ஆரனின் நோக்கத்தில் எனக்குச் சந்தேகமில்லை. இன்றைய நிறுவனங்களின் பலம் அப்படிப்பட்டது என்றே சொல்ல வருகிறார். ஆனால் நான் பார்த்த கொடுமைக்குக் கவசம் இல்லை. அது ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, பேனாவை மூடிக்கொண்டே, ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். சிகலுக்கு அந்த ஒரு வாக்கியம் தெரிந்திருந்தது. கோபரிடம் "போய்விடு" என்று சொன்ன மேலாளுக்குக் கதையில் முகம்கூடத் தேவைப்படவில்லை.

பிறகு சூப்பர்மேன் செய்வதை நினைத்தால் இப்போதும் உடல் சிலிர்க்கிறது. ப்ளேக்லி வீட்டில் விருந்து நடக்கிறது. பட்டும் வைரமுமாகச் சீமான்கள். அலுத்துப்போன அவர்களுக்கு ஒரு வேடிக்கை தோன்றுகிறது, விருந்தைச் சுரங்கத்துக்குள் தொடரலாம் என்று. தொழிலாளி வேடத்தில் சூப்பர்மேனும் கூடவே போகிறான். உள்ளே போனதும் யாருக்கும் தெரியாமல் தாங்குமரத்தைச் சாய்த்து வழியை மூடிவிடுகிறான். அவ்வளவுதான் அவன் செய்வது. ப்ளேக்லி ஓடிப்போய் அபாயமணியை இழுக்கிறான். அது வேலை செய்யவில்லை. தன் சுரங்கத்தில் அபாயமணி வேலை செய்யாது என்பது முதலாளிக்கு அன்றுதான் தெரிகிறது. விருந்து உடையிலேயே கடப்பாரையும் மண்வெட்டியும் பிடித்துத் தோண்டுகிறார்கள், கை கொப்பளிக்கிறது, சோர்ந்து விழுகிறார்கள். இங்கிருந்து பிழைத்தால் எல்லாவற்றையும் மாற்றுவேன் என்று ப்ளேக்லி சொன்ன பிறகுதான் அவன் வழியைத் திறந்துவிடுகிறான். ஒரு குத்துக்கூட இல்லை. அவ்வளவு பலம் உள்ளவன், அந்தப் பலத்தை முதலாளியைத் தொழிலாளியின் இடத்தில் ஓர் இரவு உட்கார வைக்க மட்டும் பயன்படுத்துகிறான். சூப்பர்மேனின் பலம் வருடா வருடம் ஏறியது, பிறகு கோள்களைத் தூக்கினான், சூரியனுக்குள் போய் வந்தான். பலம் ஏற ஏற அவனுடைய எதிரிகள் எங்களிடமிருந்து விலகி விலகி வானத்துக்குப் போய்விட்டார்கள். நான் அவனைச் சந்தித்தது அதற்குப் பிறகுதான். அதனால்தான் அவனுக்குக் கோபமே இல்லை என்று நினைத்துவிட்டேன்.

அப்பா கேட்டது

அடுத்த ஞாயிறு அந்தக் கதையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். இப்போது லைனில் இல்லை, குன்னூருக்கு மேலே ஒரு சிறிய வாடகை வீடு. திண்ணையில் வெயில் இருந்த ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு கட்டமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். அப்பா காமிக்ஸ் படிப்பவர் அல்ல. என் புத்தகங்களை எரிக்காமல் இருந்தவர், அவ்வளவுதான். ஆனால் கேட்கும்போது இடைமறித்து இடைமறித்துக் கேள்வி கேட்டார். உள்ளே எத்தனை பேர், காற்று எத்தனை மணி நேரம் தாங்கும், தாங்குமரம் எந்த மரம், அபாயமணியைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள். இதற்கெல்லாம் புத்தகத்தில் பதில் இல்லை என்றேன். "எழுதியவருக்குத் தெரிந்திருக்கும்" என்றார்.

'வேலை பிடிக்கவில்லையா, போய்விடு' என்ற கட்டத்தை நான் குரலை மாற்றாமல் படித்தேன். அவர் எதுவும் சொல்லவில்லை. வலது கையை மடக்கி வேட்டிக்குள் வைத்துக்கொண்டார். குளிரிலும் பழக்கத்திலும் அவர் எப்போதும் செய்வதுதான் அது. கதை முடிந்து, இனிமேல் தன் சுரங்கம்தான் நாட்டிலேயே பாதுகாப்பானதாக இருக்கும் என்று ப்ளேக்லி சொல்லும் கடைசிப் பகுதியைக் கேட்டுவிட்டு, "செய்தானா?" என்றார். செய்யாவிட்டால் சூப்பர்மேன் மறுபடி வருவான் என்று கதை முடிகிறது என்றேன். சற்று நேரம் கழித்து, எனக்கு இத்தனை வருடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார். அவர் கை ஆறி வேலைக்குத் திரும்பிய அன்று அந்த ரோலரில் தகடு இருந்ததாம். நிர்வாகம் போட்டதல்ல. ஃபேக்டரி ஃபிட்டர் பழைய எண்ணெய் டிரம்மின் மூடியை வெட்டி, இரவு ஷிஃப்டில் யாரையும் கேட்காமல் முறுக்கி வைத்திருந்தார், மிச்சமிருந்த மஞ்சள் பெயின்டை அடித்து. தகடு எப்படி வளைந்திருந்தது என்று, மூடிய புத்தகத்தின் மேல் கட்டை விரலால் வரைந்து காட்டினார். வாய் இவ்வளவு அகலம், இங்கே இரண்டு போல்ட், இந்தப் பக்கம் கை நுழையாது.

பிறகு சிகலைப் பற்றிச் சொன்னேன். 130 டாலர், வழக்கு, பெயரை எடுத்தது, தட்டச்சு வேலை எல்லாவற்றையும். "கூலி கொடுத்தாகிவிட்டதே, இன்னும் என்ன என்று கேட்டிருப்பார்கள்" என்றார் அப்பா. ஆமாம், அப்படித்தான் கேட்டார்கள். ஷஸ்டரின் கண் பார்வை பற்றி இரண்டு முறை திருப்பிக் கேட்டார். அப்புறம் என் ஸ்பைடர் பிரதியைக் கொண்டு வரச் சொன்னார். அலமாரியிலிருந்து எடுத்து வந்தேன். பழுப்புத் தாள் வாங்கி நானே அட்டை போட்டு வைத்திருக்கிறேன், மேலே எதுவும் எழுதாமல். தலைப்பு தெரியாததால் எழுதியதில்லை.

"தலைப்பு கிடக்கட்டும். இவர்கள் பெயரைப் போடு" என்றார். நீங்களே போடுங்கள் என்று பேனாவைக் கொடுத்தேன். விபத்துக்குப் பிறகு இடது கையால் எழுதப் பழகியவர் அவர், எழுத்துகள் வலப்பக்கம் சரிந்து விழும். புத்தகத்தை முழங்காலில் வைத்து, வலது கையின் மூன்று விரல்களால் அசையாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதலில் ஜெர்ரி சிகல் என்று எழுதினார். வரைந்தவர் பெயர் கேட்டார். சொன்னேன். ரெக் என்று எழுதிவிட்டு நிமிர்ந்து, பன்னுக்கு மூன்று சுழியா, இரண்டு சுழியா என்று கேட்டார்.